ஷேர் ஆட்டோவில் கேட்ட கேள்விகள்

போன வருஷம் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பஸ் வசதி பற்றி சர்வே எடுத்தேன். கம்பெனி வாசலில் கேட்டால், சூப்பர்வைசர் பார்க்கிறார் என்று பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவர்களோடு ஷேர் ஆட்டோவில் ஏறி, போகிற வழியிலேயே கேட்டேன். கொட்டித் தீர்த்துவிட்டார்கள்.

இன்று, ஷிப்ட் முடியும் நேரத்துக்கு விட்டிருக்கும் புது பஸ்ஸில் தாம்பரம் வந்தேன். ஜன்னலோரம் இருந்த அக்கா, பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொன்னார்:

"இந்த பஸ்ஸு இன்னா சும்மா வந்துச்சா? ஆட்டோல ஒரு பொண்ணு வந்து கேட்டுச்சு. நாந்தான் அல்லாத்தையும் புட்டுப்புட்டு வச்சேன். அப்பாலதான் வுட்டாங்க."

அவர் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றிருந்த அந்தப் பொண்ணு நான்தான். பஸ் அவருடையதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் கொடுத்திருக்கலாம், இல்லையா?