சேற்றுக்கு ஐஸ் வைத்தேன்

இன்று கடலடிச் சேற்றை ஐஸ் பெட்டியில் வைத்து, லாஸ்பேட்டையில் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு டவுன் பஸ்ஸில் கொண்டுபோனேன்.

"மீனெல்லாம் ஏத்தக் கூடாது, எறங்கும்மா" என்றார் கண்டக்டர்.

இறங்கினால் வெயிலில் ஐஸ் உருகிச் சேறு வீணாகிவிடும். பயத்தில் மூடியைத் திறந்தே காட்டிவிட்டேன்.

"மீன் இல்லண்ணே, சேறு!"

"சேத்துக்கு எதுக்கு ஐஸு?" என்றார் பக்கத்து சீட் அக்கா.

"இதுல ஆதிகாலத்துப் பாசியோட கொழுப்பு இருக்குக்கா. அத வெச்சு, அப்போ கடல் எவ்ளோ சூடா இருந்துச்சுன்னு சொல்லிடலாம்."

கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சேத்துக்கு ஐஸ் வெச்சு, மடியில தூக்கி வெச்சு, பஸ்ல கூட்டினு போற. கொழுப்பு சேத்துக்கு இல்லம்மா."

பஸ்ஸே சிரித்தது. இறக்கிவிடவில்லை என்பதால் நானும் சிரித்துவைத்தேன்.

என் ஆராய்ச்சிக்கு வந்த விமர்சனங்களிலேயே சுருக்கமானது இதுதான். உங்கள் வேலைக்கு என்ன விமர்சனம் கிடைத்தது?