பந்தியில் கூடிய வார்டு

காலை ஒன்பதே முக்காலுக்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினேன். ஆட்டோவுக்கு நூறு ரூபாய். "முகூர்த்த நாள்ல வார்டு கூட்டமா? யாருங்க வருவாங்க?" என்றார் ஓட்டுநர். அவர் வாக்கு பலித்தது. பத்தரை மணிக்குக் கூட்ட அறையில் அறுபது நாற்காலிகள், மூன்றே பேர்: என்னை அழைத்திருந்த நண்பரும் மாநகராட்சி அலுவலருமான சேகர், அந்த வார்டில் தையல் கடை வைத்திருக்கும் ஸ்டெல்லா, வேடிக்கை பார்க்க வந்த நான்.

ஸ்டெல்லாவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. மூன்று சக்கர வண்டியில்தான் போக்குவரத்து. கடை வீட்டுக்கு நேர் எதிரே, வாய்க்காலின் மறுகரையில், முப்பதடி தூரத்தில் இருக்கிறது. பாலம் இல்லாததால் ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றிப் போகிறார். இந்த ஆண்டு வார்டுக்கு ஒரு வேலைதான். பாலமா, தெருமுனையில் அலங்கார வளைவா என்பதை மக்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். ஆள் சேராவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

"வார்டே கல்யாண மண்டபத்துல இருக்கு. கூட்டத்தை அங்க கொண்டு போயிடலாம் சார்," என்றார் ஸ்டெல்லா.

சேகர் தயங்கினார். எனக்கோ நல்ல பசி. உடனே ஆதரித்தேன்.

பதினொன்றே காலுக்குப் பந்தி நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் தகப்பனார் கோவிந்தராஜ் தாராளமாக அனுமதித்தார். வளைவு கேட்டவரே அவர்தான். "வளைவு வந்தா தெருவுக்கே ஒரு கௌரவம்ங்க," என்றார். சாம்பாரிலிருந்து ரசத்துக்கு வருவதற்குள் பேச்சு சூடு பிடித்தது. துபாயிலிருந்து லீவில் வந்தவர் வளைவுக்காக வாதாடியதில் பாயசத்தை மறந்தார்.

"வளைவு வந்தாலும் நான் சுத்தித்தாங்க போகணும்," என்றார் ஸ்டெல்லா.

பாலம் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் சேகர். வலது கையெல்லாம் சோற்றில் இருந்ததால் வரிசை வரிசையாக இடது கைகள் எழுந்தன. நானும் தூக்கினேன். "நீங்க வெளியூர், இறக்குங்க," என்றார். கடைசியாக ஒரே ஒரு வலது கை எழுந்தது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடக் காத்திருந்த கோவிந்தராஜின் கை அது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சென்னையில் என் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் மாதாமாதம் கூட்டம் உண்டு. லிஃப்டில் ஒட்டிய அறிவிப்பைப் படித்துக்கொண்டே மேலே போய்விடுவது என் வழக்கம். இந்த முறை ஊர் திரும்பியதும் கூட்டத்துக்குப் போனேன்.

சில மாதங்கள் கழித்து ஸ்டெல்லா தொலைபேசியில் அழைத்தார். கடையிலா, வீட்டிலா என்று கேட்டேன்.

"நடுவுலங்க," என்றார். "பாலத்து மேல. இங்கயே கொஞ்ச நேரம் இருக்கலாம்னு தோணுச்சு."