மூன்று கிலோ

அக்காவுக்கு மூன்று கிலோ கூடியிருந்தது. வரிச்சிக்குடியில் அவள் வீட்டில் அன்று கேசரி கிண்டினார்கள். நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோவைத் தாங்கும் உடம்பில்லை என்று புதுச்சேரி மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தார். கெட்டுப்போன நொதி ஒன்று ரத்த செல்களை முதிரவிடாமல் பிஞ்சாகவே நிறுத்திவைக்கிறதாம். மாத்திரை அந்த நொதியை அடக்குமாம்.

"கொல்ற மருந்து இல்லம்மா, வளக்குற மருந்து" என்றார். அக்கா சிரித்தாள். "ஆனா எல்லாம் ஒரே நேரத்துல வளந்தா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். தினம் எடை பாருங்க. சட்டுனு ஏறினா உடனே சொல்லணும்."

பெரிதாகத் தலையாட்டியவள் நான்தான்.

லீவு போட்டு அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். தினமும் காலையில் ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்கு போன் செய்து எடை கேட்பார். அக்காவின் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "தேறி வர்ற புள்ள எடைய வெளிய சொல்லாதம்மா, கண்ணு பட்டுரும்" என்றார். பார்க்க வந்தவர்கள், "கன்னமெல்லாம் பூசினாப்ல இருக்கே" என்று பூரித்துப் போனார்கள். அது சதையல்ல, நீர் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். காரைக்காலில் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். கண் திருஷ்டியை வகுப்பில் கேலி செய்கிறவள். அப்படிப்பட்ட நான், எடை ஐம்பத்தொன்று காட்டிய அன்று நர்ஸிடம், "அதே நாப்பத்தெட்டுதாங்க" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மாமியார் பக்கத்தில் நின்றார் என்பது சாக்கு. ஏறிய எடை வாய்விட்டுச் சொன்னால் போய்விடுமோ என்று எனக்கே பயம். வெட்கக்கேடு.

மூன்றாம் நாள் அக்காவால் படுக்க முடியவில்லை. "மூச்சு முட்டுதுடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம்.

"எடை ஏறலைன்னுதானே சொல்லியிருக்கீங்க?" என்று மருத்துவர் கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். "முந்தாநேத்தே தெரிஞ்சிருந்தா ஸ்டீராய்டு போட்டுப் பிடிச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அப்போதும் போட்டார்கள். இரண்டு நாள் போராடினார்கள். அக்கா போய்விட்டாள்.

அன்று மதியம் மருத்துவர் அவளுடைய கடைசி ரத்த அறிக்கையோடு வந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தாரோ என்னவோ. "மருந்து நல்லாவே கேட்டிருக்கு. செல்லெல்லாம் முதிர ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

"இத இப்ப எதுக்குங்க சொல்றீங்க?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி அவரிடம் கத்தினேன். கத்த வேண்டிய ஆள் அவரில்லை.