திருச்சி போன ரேடியோ

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்ததும், அங்கே கடையில் வேலை பார்த்த தம்பியிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோனது. எங்கள் பேட்டரி ரேடியோவோ திருச்சியைத் தவிர எதையும் பிடிக்காது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே இருக்கும் காயிலில் கம்பிச் சுற்றைக் குறைத்தால் சிற்றலை, அதாவது சிங்கப்பூர் மாதிரி தூரதேச நிலையங்கள், கேட்கும் என்று எங்கோ படித்திருந்தேன். பெட்டியைப் பிரித்து, காயிலில் சுற்றியிருந்த கம்பியில் முக்கால்வாசியை உருவி எடுத்தேன்.

திருச்சி போயே போய்விட்டது. தினமும் கச்சேரி கேட்கும் அப்பா வீடே அதிரக் கத்தினார். நான் காதில் வாங்காமல் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன். வெறும் இரைச்சல். நடுவில் புரியாத பாஷையில் ஒரு குரல் வந்து அமுங்கிப்போனது.

"சனியன்! பழையபடியே சுத்தித் தாரேன், ஒங்க கச்சேரியவே கேளுங்க" என்று காயிலைக் கழற்றப் போனேன்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்ப்பா. இரைச்சலா இருந்தாலும் அங்கிட்டு இருந்துதானே வருது."