ஜான்சி கையில் மைக்

யாராவது பேச்சில் தடுமாறினால் செம்பாக்கத்து ஜான்சிக்குப் பொறுக்காது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் மனப்பாட வசனத்தைப் பாதியில் மறந்து விழித்தால், மீதியை அவளே சொல்லிக் கைதட்டியும் விடுவாள். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு அவள் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அவளுக்கு வேலை அனகாபுத்தூர்ப் பக்கம் ஒரு வார்டு அலுவலகத்தில். வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபாக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது அவள் பொறுப்பு. இத்தனை காலமும் அது நடந்த லட்சணம் ஊருக்கே தெரியும். வேலைநாளில் காலைக் கூட்டம், மகளிர் குழுவுக்கு ஒரு போன், நாற்காலி நிறைந்துவிடும். போட்டோ, டீ, அவ்வளவுதான். மக்கள் வாயைத் திறக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்த்ததே இல்லை.

இந்த வருடம் ஊழியர்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். மக்களுக்குச் சொல்லாதீர்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள் என்றார்கள். மற்றவர்கள் சமோசாவைத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள். ஜான்சி மட்டும் நம்பிவிட்டாள். கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்ற வைத்தாள். ஆற்றோரச் சந்தில் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். மேட்டுத் தெருவின் மழைநீரைக் கொண்டுவரப் போகும் புதுக் கால்வாய் அந்தச் சந்தின் வாயில்தான் முடிவதாக இருந்தது. சபையில் தீர்மானம் ஆகிவிட்டால் வேலை தொடங்கிவிடும்.

"நான் பேசுனா எவன் கேப்பான்?" என்றாள் கன்னியம்மா. அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். அவள் வீடுதான் அந்தச் சந்தில் முதல் வீடு.

"நான் இருக்கேன்க்கா. தைரியமா வாங்க."

வந்தாள். வார்டு உறுப்பினரும் இன்ஜினியரும் மேடையில் இருக்க, மைக்கை வாங்கினாள்.

"கால்வா வேணான்னு சொல்லல சார். அத்த இட்டாந்து எங்க சந்துல வுடாதீங்க. ஏற்கெனவே மழன்னா ஆறு வந்து வூட்ல குந்திக்குது. மேட்டுத் தெரு தண்ணியும் வந்தா நாங்க இன்னாத்துக்கு ஆவறது? ஓட்டுக்கு மட்டும்..."

உறுப்பினரின் முகம் கறுத்தது. கன்னியம்மா வார்த்தை தேடி ஒரு நொடி தடுமாறினாள். அந்த ஒரு நொடி போதும் ஜான்சிக்கு. கை தானாக நீண்டு மைக்கை வாங்கிக்கொண்டது.

"அக்கா கொஞ்சம் எமோஷனல் ஆயிட்டாங்க சார். மழைக்கு முன்னாடியே கால்வாய் வேலையை முடிச்சுக் குடுங்கன்னு கேக்கறாங்க."

கூடம் முழுக்கக் கைதட்டல். தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்தார்கள். தான் என்ன செய்தோம் என்பது ஜான்சிக்கு அப்போதுதான் உறைத்தது. இன்ஜினியரிடம் ஓடினாள்.

"சார், அவங்க சொன்னது அது இல்ல. நான்தான்..."

"நல்லாவே சமாளிச்சீங்க மேடம். தீர்மானம் முடிஞ்சுது. போட்டோவுக்கு வாங்க."

மைக் அப்போதும் அவள் கையில்தான் இருந்தது. அதிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூப்பிட்டதும் போய் வரிசையில் நின்றாள், வெட்கங்கெட்டவள்.

"மக்கள் பிரதிநிதி" என்று கன்னியம்மாவை மேடையேற்றி உறுப்பினர் பொன்னாடை போர்த்தினார். அவள் அதைக் கழற்றினாள். பக்கத்தில் நின்ற ஜான்சியின் தோளில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"நீயே போத்திக்கம்மா. பேசுனது நீதான?"

பிறகு மேடையை விட்டு இறங்கி நடந்தாள். "எல்லாரும் சிரிங்க" என்றார் போட்டோக்காரர்.