சவரிமுத்து சொன்ன ஆமென்

சவரிமுத்து இருபத்தாறு வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். மலேசியாவில் புக்கிட் ரோத்தானைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்கு ஒரு நாளைக்கு நான்கு நடை போவார். மூன்று வருடங்களுக்கு முன், ஆலை வாசலில் வரிசையில் காத்திருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் செயலிழந்தன. பேச்சும் போனது. ஐந்தாவது வாரம் ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது.

"எழவு."

டயர் வெடித்தாலும், மழையில் லோரி மண் ரோட்டில் புதைந்தாலும் முன்பெல்லாம் அவர் வாயில் வரும் சொல் அது. இப்போது பசித்தாலும் அதுதான், சிங்கப்பூரிலிருந்து மகள் கூப்பிட்டாலும் அதுதான்.

மனைவி மதலைமேரி பள்ளிக்கூடக் கேண்டீனில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். அதுவரை அவள் ஞாயிறு பூசைக்குப் போவாள், தவக்காலத்தில் செபமாலை சொல்வாள், அவ்வளவுதான். பார்க்க வந்த மாதா கோவில்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். விடியற்காலை ஒரு மணி நேரம் முழந்தாளிட வேண்டும் என்றார் ஒருவர். இன்னொருவர் ஒன்பது நாள் செபப் புத்தகம் கொடுத்தார். போகும்போது எல்லோரும், "கடவுள் சித்தம், ஏத்துக்க மேரி" என்றார்கள்.

"நான் ஏத்துக்கல. கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்" என்றாள் அவள்.

ஆனால் முழந்தாளிட நேரம் ஏது? எண்பது கிலோ ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கவேண்டும், துடைக்கவேண்டும், ஊட்டவேண்டும். செபப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிவிடுவாள். மூன்றாம் நாள் அதை அலமாரி மேல் வைத்துவிட்டாள்.

ஒரு காலையில் அவருக்குச் சட்டை போட்டுவிடும்போது, அசையாத கையைச் சட்டைக் கைக்குள் நுழைத்தபடி, "ஏசுவே, இந்தக் கையப் பாரு" என்றாள். வேண்டுதலாக இல்லை, அதட்டலாக இருந்தது. மறுநாளும் சட்டை போடும்போது அதையே சொன்னாள். பிறகு கஞ்சி ஊட்டும்போது, "இந்தத் தொண்டையத் தொறந்து விடு." மாத்திரைக்கு ஒன்று, குளிப்பாட்டும்போது ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு வரிக்கு மேல் போகாது. மறந்துபோன நாள்கள் உண்டு. கடவுள்மேல் கோபம் வந்து, வேண்டுமென்றே ஒன்றுமே சொல்லாமல் விட்ட ஒரு வாரமும் உண்டு.

அந்த வாரத்தில் ஒரு நாள், சட்டைக்குள் கை நுழைந்ததும் சவரிமுத்து அவள் முகத்தையே பார்த்தார். அவள் பேசாமல் பொத்தானைப் போட்டாள். அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எழவு" என்றார். பிடியை விடவில்லை.

சற்று நேரம் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது. "ஏசுவே, இந்தக் கையப் பாரு" என்றாள்.

அவர் பிடியை விட்டு, இடது கையாலேயே கோணலாகச் சிலுவை போட்டு, "எழவு" என்று முடித்தார்.

மருத்துவமனையில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த தனேஸ்வரியிடம் இதைச் சொன்னாள். "ஆண்டி, என்னோட பயிற்சியும் இதேதான். சின்ன வார்த்தை, ஒரே வேலை, திரும்பத் திரும்ப. அங்கிள் வேற என்னமோ சொல்லப் பாக்குறாரு, வாயில அதுதான் வருது. திட்டுறாருன்னு நெனைக்காதீங்க லா. நிறுத்தாதீங்க" என்றாள் அந்தப் பெண்.

அடுத்த மாதம் செபக்குழு அவர்கள் வீட்டில் கூடியது. குழுத் தலைவர் சூசைராஜ், தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி. செபமாலையில் எல்லோரும் ஆமென் சொன்ன ஒவ்வொரு தடவையும் சவரிமுத்துவின் குரல் ஒரு நொடி தாமதமாக, கணீரென்று கேட்டது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

முடிந்ததும் சூசைராஜ் அவளைத் தனியே அழைத்தார். "மேரி, அடுத்த தடவ அவர ரூமுல படுக்க வச்சிரு. பூசைக்கும் கூட்டிக்கிட்டு வராத. ஆமென் சொல்ற எடத்துல இப்படிச் சொன்னா தேவதூஷணம்."

"அண்ணே, அவருக்கு ஆமென் அதுதான்."

"சொல்லுக்கு ஒரு அர்த்தம் வேணாமா?"

"நீங்க ஆமென் சொல்லிக்கிட்டே ரெண்டு வாட்டி ஃபோனப் பாத்தீங்க. அதுக்கு என்னாண்ணே அர்த்தம்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மறுவாரம் வந்த செபக்குழுப் பட்டியலில் அவர்கள் வீடு இல்லை.

அந்த ஞாயிறு மதலைமேரி பக்கத்து வீட்டுக் காளியம்மாவைக் கேட்டாள். பள்ளி வேன் ஓட்டுகிற காளியம்மா மாதா கோவிலுக்கெல்லாம் வருகிறவள் இல்லை, மாரியம்மனைக் கும்பிடுகிறவள். "வேன் சும்மாதானேக்கா நிக்கிது" என்று இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். மதலைமேரி சக்கர நாற்காலியை முதல் வரிசைக்கு முன்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தினாள். வழக்கமாக அவர்களை உட்காரச் சொல்லும் இடம் கடைசித் தூண் ஓரம்.

நற்கருணை நேரம். புதிதாக வந்திருந்த இளம் குருவானவர் நாற்காலிக்கு முன் குனிந்து, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார்.

"எழவு" என்றார் சவரிமுத்து.

பாடகர் குழு பாட்டை நிறுத்தியது. குருவானவரின் கை நடுவில் நின்றது. மதலைமேரி நாற்காலிக்குப் பின்னாலிருந்து முன்னே வந்தாள். "ஆமென்னு சொல்றாரு ஃபாதர். ஒரு நாளைக்குப் பதினோரு வாட்டி என்கூடச் சொல்றாரு. குடுங்க."

குருவானவர் அவளைப் பார்த்தார். பிறகு சவரிமுத்துவின் இடது கையைப் பார்த்தார். அது சிலுவை போட்டு முடித்து, காத்துக்கொண்டிருந்தது. நற்கருணையைச் சவரிமுத்துவின் நாவில் வைத்தார்.

வெளியே சூசைராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு குடும்பங்கள் அடுத்த வாரம் முதல் பின் வரிசைக்குப் போயின. செபக்குழு இன்றுவரை அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. மதலைமேரியும் கூப்பிடவில்லை. ஞாயிறுதோறும் முன்வரிசைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை.

இந்த வருடம் ஜூன் மாதம், வெயில் கொளுத்திய ஒரு மதியம், அவள் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். முன்கூடத்திலிருந்து குரல் வந்தது.

"தண்ணி."

வானொலியோ என்று நினைத்தாள். மறுபடியும் வந்தது. ஈரக் கையோடு ஓடினாள். குவளையில் தண்ணீர் மொண்டு அவர் வாயில் வைத்தாள். அவர் குடித்து முடித்ததும் அடுப்படிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"ஒரு வார்த்தையக் குடுத்துட்டு, இவ வாய மூடிருவான்னு நெனைக்காத. கை இன்னும் அப்படியேதான் கெடக்கு. நான் விடமாட்டேன், சொல்லிட்டேன்."

முன்கூடத்திலிருந்து மறுபடியும் குரல் கேட்டது. அன்று மாலைக்குள் சவரிமுத்து ஏழு குவளைத் தண்ணீர் குடித்தார்.