பாதிக் கோடு

தெருவில் அவளுக்குப் பெயர் புயலக்கா. மரியாதையாக வைத்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். வானிலை மையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடலில் கிளம்பிய ஒரு புயல் நேரே இங்கேதான் வருகிறது என்று அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அம்மா அடுத்த வீட்டில் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் தெருவே ஜன்னலுக்குப் பலகை அடித்து, மொட்டைமாடித் தொட்டிகளைக் கயிற்றால் கட்டி, கடைகளில் மெழுகுவர்த்தியைத் துடைத்து எடுத்துவிட்டது. புயலோ நடுக்கடலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டது. மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. துணி காயப்போடலாமா புயலக்கா என்று கேட்பது பல வருஷம் அந்தத் தெருவின் பொழுதுபோக்காக இருந்தது.

அன்றைக்கு வாய்க்குப் போட்ட பூட்டை அவள் அப்புறம் திறக்கவே இல்லை. அறிக்கையில் வராத ஒரு சொல்லையும் வீட்டில் சொல்ல மாட்டாள். மையத்தின் விதியும் அதுதான். நியாயமான விதி. வேண்டப்பட்டவர்கள் இருப்பவன் முன்கூட்டியே தெரிந்துகொண்டு தப்பிப்பான், யாரும் இல்லாதவன் அறிக்கையை நம்பி மாட்டிக்கொள்வான் என்றால் அப்புறம் அறிக்கை என்று ஒன்று எதற்கு?

இந்தப் பிடிவாதத்தால் அதிகம் அவஸ்தைப்பட்டது அவள் தம்பிதான். அவனிடம் ஒரு படகு இருந்தது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுப்பான். அம்மா போன பிறகு அவனைத் தலைக்கு எண்ணெய் வைத்துப் பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கியவள் அக்கா. இப்போது மாடியில் அவள், கீழே அவன் குடும்பம். புயல் சமயத்தில் தம்பி சாடைமாடையாகக் கேட்டுப் பார்ப்பான். அவள் பிடி கொடுக்க மாட்டாள். “வீட்டுக்குள்ளயே குழாய வெச்சுக்கிட்டு தெருக்குழாயில வரிசையில நிக்கிறோம் அண்ணி” என்று தம்பி மனைவி சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பில் கொஞ்சம் காரம் இருக்கும்.

ஊருக்கெல்லாம் வானிலை சொல்லும் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மழை பெய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் எழுந்து வாசல்வரை போக வேண்டும். உள்ளே சுவர் முழுக்கத் திரைகள். செயற்கைக்கோள் அனுப்பும் படங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, சுழலும் மேகத்தின் நடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு புள்ளி வைப்பது அவள் வேலை. சின்னப் புயலில் நடு லேசில் அகப்படாது. மேலே மூடியிருக்கும் வெள்ளையை விட்டுவிட்டு, அடியில் ஓடும் துண்டு மேகங்கள் எதைச் சுற்றுகின்றன என்று பார்க்க வேண்டும். புள்ளி வைத்த பிறகு, இனி அது போகப்போகும் வழியைக் கோடாக வரைய வேண்டும். கணினிகள் ஆளுக்கொரு வழி சொல்லும். அவற்றில் எதை நம்புவது என்பதில்தான் அனுபவம் பேசும்.

ஒருவர் கோடு வரைய, மற்றவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அறிக்கை வெளியே போகும். அவளுக்கு வாய்த்த அந்த மற்றவர், அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். பட்டப்பெயர் தூங்குமூஞ்சி. இமை எப்போதும் பாதி மூடியே இருக்கும், ஆனால் எதுவும் தப்பாது. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் வேலையையும் சேர்த்து இழுத்துப்போட்டுச் செய்தவர் அவர். அவர் மகள் கல்யாணத்தில் சொந்த வீட்டு விசேஷம்போல ஓடியாடியவள் இவள். அண்ணா என்று கூப்பிட்டாள், அப்படியே நினைக்கவும் செய்தாள்.

அவர்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கோட்டை ஒரேயடியாக நகர்த்துவதில்லை. காலையில் வடக்கே என்று சொல்லிவிட்டு மதியம் தெற்கே என்று சொன்னால், சாயங்காலம் கணினி மறுபடி மனசு மாறும்போது ஜனங்களுக்கு நம்பிக்கையே விட்டுப்போகும். ஆகவே புதுக் கணிப்பு எவ்வளவு தள்ளிப்போனாலும் இந்த அறிக்கையில் பாதி தூரம், அடுத்ததில் மீதி. பல தடவை கணிப்பு தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், மானமும் தப்பும். ஒருமுறை தெருவெல்லாம் சிரித்ததைக் கேட்டவளுக்கு இந்தப் பழக்கம் பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அந்த வருஷம் வந்த பெரும்புயல் ஆற அமர, பல நாள் கடலைக் கடந்து வந்தது. கோடு வடக்குத் துறைமுகத்தைக் காட்டியது. அங்கிருந்த படகுகள் எல்லாம் தெற்கே கழிமுகத்துக்குள் வந்து ஒதுங்கின. தம்பியின் படகும் வந்தது. தூங்குமூஞ்சியின் மருமகனிடம் கப்பல்களை இழுக்கும் இழுவைப்படகுகள் மூன்று இருந்தன. அவையும் அங்கேதான் நின்றன. கழிமுகத்தில் ஒரே ஒரு சிக்கல். உள்ளே தாழ்வான பாலம், அதைத் தாண்டிப் படகு போகாது. வெளியேற வேண்டுமானால் கடல்வாய் வழியாகத்தான், அதுவும் அலை எழும்புவதற்கு முன்பு.

மதியம் வந்த படத்தில் புயலின் கண் பளிச்சென்று திறந்திருந்தது. கணினிகள் எல்லாம், வழக்கமாகச் சண்டைபோடுபவைகூட, ஒன்றாகத் தெற்கே சாய்ந்தன. அவள் புள்ளி வைத்தாள், கோடு இழுத்தாள். அது கழிமுகத்தின் வாயிலேயே போய் நின்றது.

தூங்குமூஞ்சி எட்டிப் பார்த்தார்.

“அவசரப்படாதம்மா. இப்பப் பாதி வை. மீதிய சாயங்காலம் வெச்சுக்கலாம்.”

எல்லாக் கணினியும் ஒன்றையே சொல்கிறதே என்றாள். சொல்லட்டும், ராத்திரி வேறொன்று சொல்லும் என்றார். அப்புறம் செல்லமாக, “மறுபடியும் துணி காயப்போடலாமான்னு கேக்க விடணுமா?” என்றார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோட்டை அழித்து, துறைமுகத்துக்கும் கழிமுகத்துக்கும் நடுவே ஆளில்லாத மணல்கரையில் கொண்டுபோய் வைத்தாள். அவர் ஒப்புக்கொண்டார், அறிக்கை போனது. தேநீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று அவர் எழுந்து வெளியே போனார். இத்தனை வருஷம் நாற்காலியை விட்டு நகராமல் தேநீர் குடித்தவர் இன்றைக்கு ஏன் வெளியே போகிறார் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் தம்பி போன் செய்தான்.

“அக்கா, இங்க காத்தே இல்ல. இருக்கவா, கெளம்பவா?”

அழித்த கோடு இன்னும் அவள் கண்ணுக்குள் நின்றது. “அறிக்கையப் பாரு” என்றாள்.

“பாத்துட்டேன். நமக்கு வடக்கால போகுதுன்னு போட்டிருக்கு.”

“சாயங்காலம் இன்னொண்ணு வரும். அதையும் பாரு.”

“நீ மாறவே மாட்ட” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். விதியைக் காப்பாற்றிவிட்டோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

சாயங்கால அறிக்கையில் மீதிக் கோடும் நகர்ந்தது. அதற்குள் கடல்வாயில் அலை சுவர் மாதிரி எழும்பி நின்றது. ஒரு படகும் வெளியேற முடியவில்லை. விடியும்போது புயல் கழிமுகத்துக்குள்ளேயே நுழைந்தது. படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சுக்குநூறாயின. இன்னொரு கயிறு கட்டிவிடலாம் என்று குதித்த தம்பியின் வலது கை படகுக்கும் கரைச்சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. உயிர் பிழைத்ததே பெரிய காரியம் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் பெரிய கட்டோடு படுத்திருந்தவன் அவளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இது. “அந்த ஆளோட மருமகனுக்குச் சொன்னியே, எனக்கு ஏன்க்கா சொல்லல?”

அவளுக்குப் புரியவில்லை. தம்பி மனைவி சொன்னாள். மதியமே இழுவைப்படகுகள் மூன்றும் சத்தமில்லாமல் கிளம்பிப் போயிருக்கின்றன. எங்கே என்று கேட்டவர்களுக்கு, சும்மா இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. கடல்வாய் காலியாக இருந்ததால் சிரமமே இல்லையாம். அவளுக்கு வெளியே போய்க் குடித்த அந்தத் தேநீர் ஞாபகத்துக்கு வந்தது.

நேரே மையத்துக்குப் போனாள். தூங்குமூஞ்சி மறைக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

“எனக்கு ஒரே பொண்ணும்மா. என்ன செய்யச் சொல்ற?”

“அப்ப பாதிக் கோடு வைன்னது எதுக்கு? வழிய மறிச்சுக்கிட்டு மத்த படகுங்க நிக்கக் கூடாதுன்னா?”

“சத்தியமா இல்ல. எப்பவும் செய்யறதுதானே.” அவர் இமைகளை முழுக்கத் திறந்து அவளைப் பார்த்தார். “நீயும் உன் தம்பிக்குச் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். கூடப் பொறந்தவனுக்குக்கூடச் சொல்லாம இருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அது இதுதான். அறுத்தவர் கடைசியில், கழுத்தை நீட்டியது உன் தப்பு என்றும் சொல்லிவிட்டார். இத்தனை வருஷமும் அந்த அறையில் தான் ஒருத்திதான் விதியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாளோ? எத்தனை புயலில், எந்தெந்த வழியில் அவர் வெளியே சொல்லி அனுப்பினார் என்று யோசிக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மேலதிகாரியிடம் போனாள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாதவர் யார், இதைப் பெரிதாக்க வேண்டாம் என்று அவர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னாள். தான் யாருக்கும் சொல்லவில்லை, சொன்னவர் அவர், காதும் காதும் வைத்தாற்போலச் செய்துவிட்டார் என்றாள். தம்பி குறுக்கே பேசாமல் கேட்டான்.

“அவரு கெடக்கட்டும். நான் போன் பண்ணினப்ப, இங்கதான் வருதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான், நம்பத்தான் காத்திருந்தான்.

“தெரியும்” என்றாள்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கட்டுப் பிரித்தபோது கை இருந்தது, பிடிமானம் இல்லை. படகும் இல்லை. அப்படிப்பட்டவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? தூங்குமூஞ்சியின் மருமகன் கொடுத்தான். இழுவைப்படகில் மேற்பார்வை. ஆபத்துக்கு உதவியவர்கள் என்று தம்பி மனைவி அந்தக் குடும்பத்தைப் பற்றி மாடிக்குக் கேட்கும்படி சொல்வாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தம்பி சுவரோடு ஒதுங்கி வழிவிடுவான்.

அவள் மட்டும் விடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து சண்டைபோட்டு அந்தப் பாதிக் கோட்டுப் பழக்கத்தையே ஒழித்துக்கட்டினாள். இப்போது கணிப்பு எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவையும் அன்றைய அறிக்கையிலேயே போட்டுவிடுகிறாள். இரண்டொரு தடவை கோடு திரும்பி வந்து தெரு மறுபடி சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். தூங்குமூஞ்சி பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறார். வேலைப் பேச்சைத் தவிர இருவருக்கும் பேச்சில்லை.

அடுத்த புயல் காலத்தில், இழுவைப்படகுகள் கழிமுகத்தில் ஒதுங்கி நின்ற ஒரு மதியம், கணினிகள் மறுபடி தெற்கே சாய்ந்தன. அவள் முழுக் கோட்டையும் இழுத்துக் கழிமுகத்தின் வாயில் வைத்தாள். தூங்குமூஞ்சி பார்த்தார், ஒப்புக்கொண்டார். அறிக்கை எல்லோருக்கும் போனது. மேஜைமேல் போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள்.

“அண்ணா இருக்காருங்களா?”

குரல் தெரியாமல் இருக்குமா? “நான் அக்காதான்டா பேசறேன்” என்றாள். “அறிக்கை இப்பத்தான் போச்சு. முழுசாப் போட்டிருக்கேன். உடனே கெளம்பு.”

மறுமுனையில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது.

“பரவால்லங்க. அண்ணாகிட்ட குடுங்க.”

கொடுத்தாள். தூங்குமூஞ்சி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, வாயைக் கையால் மறைத்து, ரகசியக் குரலில் பேசினார். புயல் கழிமுகத்துக்குத்தான் வருகிறது, இப்போதே கிளம்பிவிடு என்றார். அறிக்கையில் அவள் எழுதியதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை.

தம்பியின் குரல் அவள் காதிலும் விழுந்தது.

“ரொம்ப நன்றிண்ணா. நீங்க இல்லன்னா எங்களுக்கு யாரு சொல்லப்போறாங்க.”